பூஞ்சையைக் குறை சொல்லும் முன் வெயிலைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள். தோப்பு இல்லாதவர்களும் இளநீர் குடிப்பவர்கள்தானே, நீங்களும் படிக்கலாம்.

நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு விவாதம் ஓடியது. தென்னையில் வரும் ஈரியோபைட் சிலந்திக்காகப் பூஞ்சைத் தூள் வாங்கி அடித்த ஒருவர், "அஞ்சு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை, இனி வேரில் மருந்து கட்டிவிட வேண்டியதுதான்" என்று எழுதியிருந்தார். உடனே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். "உயிர் மருந்து என்றாலே ஏமாற்று வேலை" என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்.

நான் அவரைப் போனில் கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்டேன். எந்த மாதம் அடித்தாய்? எத்தனை மணிக்கு அடித்தாய்? அதுவரை தூள் எங்கே இருந்தது?

"சித்திரைக் கடைசியில் சார். மரம் ஏறுகிற ஆள் பதினோரு மணிக்குத்தான் வந்தார். தூள் மோட்டார் ரூமில் இருந்தது. தகரம் போட்ட ரூம்."

கத்திரி வெயில், உச்சிப்பொழுது, தகரக் கொட்டகை. இதற்கு மேல் அந்தப் பூஞ்சை என்ன செய்யும்? அது தோற்கவில்லை. தோற்கிற மாதிரிதான் நாம் அதைக் களத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கடையில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம். உறையில் அளவு போட்டிருந்தது, பயிர்களின் பெயர் போட்டிருந்தது. வெயிலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு உயிரை உர மூட்டை மாதிரி விற்கிறோம், உர மூட்டை மாதிரியே அடுக்கி வைக்கிறோம், பிறகு அது வேலை செய்யவில்லை என்று திட்டுகிறோம். இதுதான் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

எதிரி யார்?

ஈரியோபைட் சிலந்தி பூச்சி இனம் அல்ல, சிலந்திப்பேன் இனம். வகுப்பில் சிலந்தி இனத்துக்கு எட்டுக் கால் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இது அந்தக் குடும்பத்தில் ஒரு விதிவிலக்கு. இதற்கு நான்கே கால்கள். உடம்பு புழு மாதிரி நீண்டிருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது, நல்ல லென்ஸ் வேண்டும்.

மெக்சிகோவின் குரெரோ மாநிலத்தில் எடுத்த மாதிரியை வைத்து 1965இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். நம் பக்கம் வந்தது பிறகுதான். 1997 கடைசியில் இலங்கையின் கற்பிட்டிப் பகுதியில் தென்பட்டது. 1998இல் கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பொள்ளாச்சி, பட்டுக்கோட்டை என்று நம் தோப்புகளிலும் பரவியது. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஆண்டுகள் நினைவிருக்கும். காய் சிறுத்து, மட்டை இறுகி, பழுப்பு வெடிப்போடு வந்ததைப் பார்த்து ஊரே கலங்கியது.

தேங்காயின் தலையில், காம்பை ஒட்டி, செதில் செதிலாக ஒரு தொப்பி இருக்கிறதல்லவா? குரும்பை சிறியதாக இருக்கும்போது அந்தத் தொப்பிக்கு அடியில்தான் இந்தச் சிலந்தி குடியிருக்கும். அங்கே உள்ள இளந்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். முதலில் தொப்பி ஓரத்தில் வெளிறிய முக்கோணத் திட்டு தெரியும். காய் பெருக்கப் பெருக்க அந்தத் திட்டு பழுப்பாகி நெடுக வெடிக்கும், சில காய்களில் பிசின் வடியும். முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய பத்து நாள் போதும். ஒரு குரும்பையின் தொப்பிக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தொப்பிக்குள் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கிற எந்த மருந்தும், ரசாயனமானாலும் சரி, அதை எளிதில் தொடுவதில்லை. கோடையில் பெருகும், நல்ல மழை பெய்தால் குறையும்.

நண்பன் யார்?

ஹிர்சுட்டெல்லா தாம்சோனி என்று ஒரு பூஞ்சை. சிலந்திப்பேன்களைக் கொல்வதையே தொழிலாகக் கொண்டது. நம் தோப்புகளில் செத்துக் கிடக்கும் ஈரியோபைட் சிலந்திகளின் உடம்பிலிருந்தே இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். யாரும் தெளிக்காமலே, இயற்கையாகவே, அது அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. பெங்களூரில் இருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் இதிலிருந்து மைக்கோஹிட் என்ற தூளை உருவாக்கியது.

இது விஷம் கக்கிக் கொல்கிற மருந்து போன்றதல்ல. நடப்பது இதுதான். பூஞ்சையின் வித்து சிலந்தியின் உடம்பில் ஒட்டுகிறது. ஒட்டிய வித்து முளைக்கிறது. முளை, தோலைக் கரைத்துத் துளைத்து உள்ளே போகிறது. உள்ளே இழை இழையாக வளர்ந்து சிலந்தியைத் தின்கிறது. சில நாட்களில் சிலந்தி சாகிறது. பிறகு பூஞ்சை வெளியே தலைநீட்டிப் புதிய வித்துகளை உண்டாக்குகிறது. அந்த வித்துகள் அடுத்த சிலந்தியின் மேல் ஒட்டுகின்றன. ஊர்ந்து போகிற சிலந்தியே வித்தைச் சுமந்துகொண்டு தொப்பிக்குள் போய்ச் சேர்க்கவும் செய்யும். நாம் தெளிக்கிற தண்ணீர் போகாத இடத்துக்கு எதிரியே நண்பனைத் தூக்கிக்கொண்டு போகிறான். இந்த முறையின் அழகே இதுதான்.

ஒட்டுவது, முளைப்பது, துளைப்பது, வளர்வது, வித்திடுவது என்று ஐந்து படிகள். ஒட்டுவதைத் தவிர மற்ற நான்கும் உயிர்ச் செயல்கள். உயிர்ச் செயல் என்றால் நொதிகள் வேலை செய்ய வேண்டும். நொதி என்றால் அங்கே வெப்பநிலை வந்துவிடும்.

உறை மோர் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை, நம் வீட்டுச் சமையலறை போதும். பால் காய்ச்சி உறை ஊற்றுகிறோம். கொதிக்கிற பாலில் ஊற்றினால் என்ன ஆகும்? தயிர் தோயாது, உறை மோரில் இருந்த உயிர்கள் வெந்து போகும். ஐஸ் பாலில் ஊற்றினால்? அதுவும் தோயாது. ஆனால் வெளியே எடுத்து வைத்தால் மெதுவாகத் தோய்ந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால் காலையில் கட்டித் தயிர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குளிர் தூங்க வைக்கும், சூடு கொன்றுவிடும். இரண்டும் ஒன்றல்ல. குளிரில் தூங்கிய உயிர் எழுந்துவிடும், சூட்டில் செத்தது எழாது.

சிலந்தியைக் கொல்லும் பூஞ்சைக்கும் இதே கணக்குதான். எண்கள் மட்டும் வேறு. ஹிர்சுட்டெல்லா 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளரும். 20க்குக் கீழே போகப் போக மந்தமாகும். 30க்கு மேலே போனால் வளர்ச்சி இறங்கும். 35ஐ எட்டினால் பெரும்பாலான ரகங்கள் திணறிவிடும். தென்னைக்காரர்களுக்கும் காய்கறி போடுபவர்களுக்கும் பழக்கமான பெவேரியா, மெட்டாரைசியம் இரண்டும் இதே போலத்தான். பெவேரியாவுக்கு 25ஐ ஒட்டிய இடம் பிடிக்கும். மெட்டாரைசியம் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும்.

இதை வரைபடமாகப் போட்டால் நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. குளிர்ப் பக்கத்தில் சரிவு மெதுவாக ஏறும். சூட்டுப் பக்கத்தில் செங்குத்தாக விழும். மலை உச்சிக்கு நடந்து ஏறி மறுபக்கம் பாறையிலிருந்து விழுவது மாதிரி. உச்சியிலிருந்து ஐந்து டிகிரி குறைந்தால் பூஞ்சை சற்றுத் தாமதமாக வேலை முடிக்கும். ஐந்து டிகிரி கூடினால் வேலையே நின்று போகலாம். நம் ஊரில் பிரச்சினை எப்போதும் இந்தச் செங்குத்துப் பக்கத்தில்தான்.

ஓட்டப் பந்தயம்

இங்கேதான் முக்கியமான இடம் வருகிறது. வெப்பம் பூஞ்சையை மட்டும் தொடுவதில்லை, சிலந்தியையும் தொடுகிறது. ஆனால் இரண்டின் விருப்பமும் ஒன்றல்ல.

வெண்டை, கத்தரி, ரோஜாவில் வருகிற இரு புள்ளிச் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் அதன் முட்டை முதிர்ந்த சிலந்தியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 30 டிகிரியில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் முடித்துவிடும். வெயில் ஏற ஏற அது தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. அதைத் துரத்துகிற பூஞ்சையோ 30ஐத் தாண்டியதும் மூச்சு வாங்குகிறது.

ஆகவே இதை இரண்டு பேர் ஓடுகிற பந்தயமாகப் பாருங்கள். 26 டிகிரியில் பூஞ்சை வேகமாக ஓடுகிறது, சிலந்தி நடக்கிறது. 34 டிகிரியில் சிலந்தி பறக்கிறது, பூஞ்சை உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு நாளிலும் ஆட்டக்காரர்கள் அவர்களேதான், மைதானத்தின் சூடுதான் வேறு. "இந்தப் பூஞ்சை நல்லதா கெட்டதா?" என்று கேட்பதே தவறான கேள்வி. "எந்த மாதத்தில், எந்த நேரத்தில்?" என்று கேட்க வேண்டும்.

நம் ஊர் நிலவரத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கரூர், திருச்சி, வேலூர் பக்கம் பகலில் 40ஐத் தொட்டு விடுகிறது. இது நிழலில் அளந்த கணக்கு. நேர் வெயில் படுகிற குரும்பையின் தோல் அதைவிடச் சூடாகவே இருக்கும். மார்கழி, தை மாதங்களில் சமவெளியில் பகலில் 30ஐ ஒட்டியும் இரவில் 20ஐ ஒட்டியும் இருக்கும். பூஞ்சைக்கு இது கல்யாண வீட்டுச் சாப்பாடு. பிரச்சினை என்னவென்றால், காயில் வெடிப்பு கண்ணில் படுவதும் மனசு பதறுவதும் கோடையில். ஆகவே கோடையில் மருந்து தேடி ஓடுகிறோம். பூஞ்சைக்கு உகந்த மாதத்தில் சிலந்தி குறைவாகத் தெரிவதால் யாரும் கடைப்பக்கம் போவதில்லை.

வெயில் தனியாக வருவதில்லை

வெப்பம் இரண்டு கூட்டாளிகளோடு வரும். ஒன்று வறட்சி. பூஞ்சை வித்து முளைக்க, அது ஒட்டியிருக்கும் இடத்தில் காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்க வேண்டும், அதுவும் பல மணி நேரம். காற்று சூடேறினால் அந்த ஈரப்பதம் இறங்கிவிடும். பகல் பதினோரு மணிக்குத் தெளித்த தண்ணீர் கால் மணியில் காய்ந்துவிடும். வித்து முளைக்க நேரமே கிடைக்காது. இன்னொன்று புற ஊதாக் கதிர். நேர் வெயிலில் கிடக்கிற வித்து சில மணி நேரத்தில் செத்துப்போகும்.

இதனால்தான் சாயங்காலம் நாலரை, ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள் என்கிறேன். இரவு முழுக்க சூடு குறைவு, ஈரம் அதிகம், கதிர் இல்லை. காலைக்குள் முளைத்து உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சைக்கு வெளியே இருக்கிற வெயில் பாதித் தொல்லைதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டிக்குள் நாள் முழுக்க 35 டிகிரியில் வைத்துப் பார்ப்பதும், தோப்பில் நாலு மணி நேரம் 35ஐத் தொட்டு இரவில் 25க்கு இறங்குவதும் ஒன்றல்ல. பகலில் முடங்கிய பூஞ்சை இரவில் மறுபடி வளரும். அந்த இரவை அதற்குக் கொடுக்க வேண்டும்.

கிடங்கில் நடக்கும் சாவு

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. இந்த உயிர்த்தூள் பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கு 10 கோடி உயிருள்ள வித்துகள் என்கிற மாதிரி ஒரு கணக்கு அச்சடித்திருப்பார்கள். அது தயாரித்து அடைத்தபோது எடுத்த கணக்கு. குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தகரக் கூரைக் கிடங்கில், பங்குனி சித்திரை வெக்கையில், உர மூட்டைக்கு மேலே கிடந்தால் கணக்கு இறங்கிக்கொண்டே போகும். உறையில் எண் மாறாது. உள்ளே இருக்கிற உயிர் மாறிவிடும். நம் விவசாயி பணம் கொடுத்து வாங்குவது பாதி நேரம் செத்த தூளைத்தான்.

பால் பாக்கெட்டை வெயிலில் வைத்து விற்றால் சண்டை போடுகிறோம். தடுப்பூசி மருந்தைக் குளிர்பெட்டியில் எடுத்துப் போகிறார்கள். இதுவும் உயிர்தானே? இதற்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

புளோரிடா சொன்ன பாடம்

இந்த அனுபவம் நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் புளோரிடாவில் ஆரஞ்சுத் தோப்புகளில் துருச் சிலந்தி என்று ஒன்று உண்டு. தோலை உறிஞ்சிப் பழத்தைத் துருப்பிடித்த மாதிரி ஆக்கிவிடும். மழைக்காலத்தில் அது திடீர் திடீரென்று செத்து மறைவதைக் கவனித்து, பூஞ்சைதான் காரணமோ என்று 1924லேயே எழுதினார்கள். 1950இல் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். அது நாம் பேசிக்கொண்டிருக்கிற ஹிர்சுட்டெல்லாவேதான். 1980களின் தொடக்கத்தில் மைக்கார் என்ற பெயரில் தூளாக விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கடையை விட்டே போய்விட்டது. தோப்புக்குத் தோப்பு பலன் சீராக இல்லை. தூளை உயிரோடு வைத்திருப்பதும் சிரமமாக இருந்தது.

அங்கே இன்னொன்றும் கண்டார்கள். செம்புக் கலவை அடித்த தோப்புகளில் துருச் சிலந்தி கூடியது. செம்பு பூஞ்சைக் கொல்லி அல்லவா? நோய்ப் பூஞ்சையோடு நண்பனையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை ஊற்றுகிற நாம் இதை மறக்கக் கூடாது. தேவைப்பட்டால் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் பூஞ்சைத் தூளும் அடித்துவிட்டுப் பலன் எதிர்பார்க்கக் கூடாது.

தேன்கூடு சொன்ன பாடம்

நம்பிக்கை தருகிற ஒன்றும் இருக்கிறது. தேனீக்களை அழிக்கும் வரோவா என்கிற உண்ணி உலகம் முழுக்கத் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி. அதைக் கொல்ல மெட்டாரைசியம் பூஞ்சையைப் பயன்படுத்தப் பல ஆண்டுகளாக முயன்றார்கள். தடையாக நின்றது வெப்பநிலை. தேனீக்கள் தங்கள் குஞ்சுகள் இருக்கும் அடையை எப்போதும் 35 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். சிறகை அசைத்துக் குளிர்விக்கும், உடம்பை உதறிச் சூடாக்கும், அவ்வளவு கறார். சாதாரணப் பூஞ்சைக்கு அந்தச் சூடு ஒத்துவரவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். சூடு தாங்கும் பூஞ்சைகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கூட்டுக்குள் விட்டு, அங்கே செத்த உண்ணிகளின் உடம்பிலிருந்து மறுபடி பூஞ்சையை எடுத்து, அதை வளர்த்து மறுபடி விட்டார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பச் செய்து, தேன்கூட்டுச் சூட்டிலும் வேலை செய்கிற பூஞ்சையைப் பெற்றார்கள். 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரபணுவை வெட்டி ஒட்டவில்லை. நம் முன்னோர் நல்ல கதிரைப் பொறுக்கி விதைநெல்லுக்கு எடுத்து வைத்தார்களே, அதே பொறுக்கல்தான்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். நம் தோப்புகளில் கோடை முழுக்கத் தாக்குப்பிடித்து இயற்கையாக வாழ்கிற ஹிர்சுட்டெல்லா இருக்கத்தான் செய்யும். வைகாசியில் செத்துக் கிடக்கிற சிலந்தியின் மேல் வளர்ந்திருக்கிறதே ஒரு பூஞ்சை, அதுதான் நமக்கு வேண்டிய விதைநெல். அதைத் தேடிப் பொறுக்குகிற வேலையை நம் ஆராய்ச்சி நிலையங்கள் இன்னும் பெரிய அளவில் செய்ய வேண்டும். வெயில் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிற காலத்தில் இது அவசரமும்கூட. சிலந்திக்கு ஏற இன்னும் இடம் இருக்கிறது. பூஞ்சை ஏற்கெனவே பாறை விளிம்பில் நிற்கிறது.

வேரில் மருந்து கட்டலாமா?

"சார், இவ்வளவு தொல்லை எதற்கு? வேரில் மருந்து கட்டினால் முடிந்தது" என்பீர்கள். வேரில் கட்டுகிற மோனோகுரோட்டோபாஸ் மரம் முழுக்கப் பரவுகிற விஷம். காய்கறிக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று நம் நாட்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை போட்டுவிட்டார்கள். தென்னை வேரில் கட்டினால் ஒன்றரை மாதம் காய் பறிக்கக் கூடாது என்பது கருந்தலைப் புழுவுக்குச் சொன்ன எச்சரிக்கை. எத்தனை தோப்பில் அந்த ஒன்றரை மாதத்தைக் கணக்கு வைக்கிறோம்? இளநீர் வியாபாரி வண்டியோடு வந்து நின்றால் "இந்த மரத்தில் வெட்டாதே" என்று சொல்கிறவர் எத்தனை பேர்? அந்த இளநீர் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத்தான் போகிறது. மருந்தைக் கையால் எடுத்துக் கலக்குகிற கூலி ஆளின் உடம்பையும் நினைத்துப் பாருங்கள்.

பூஞ்சை மட்டுமே காப்பாற்றும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது சர்வரோக நிவாரணி அல்ல. ஒரு தோப்பில் நன்றாகக் கேட்கும், பக்கத்துத் தோப்பில் சுமாராகக் கேட்கும். காசரகோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் சொன்ன 2 சதவீத வேப்பெண்ணெய் பூண்டு சோப்புக் கரைசலும் இருக்கிறது. மரத்துக்குப் பொட்டாஷும் வேப்பம் பிண்ணாக்கும் தொழு உரமும் தண்ணீரும் குறையாமல் இருக்க வேண்டும். தெம்புள்ள மரம் தாக்குப்பிடிக்கும். இந்தக் கூட்டணியில் பூஞ்சை ஒரு நல்ல உறுப்பினர். அதன் குணம் தெரிந்து வேலை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கோரிக்கைகள்

தோப்புக்காரர்களுக்கு:

1. மழை பிடித்த பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை, மழை விட்ட இடைவெளி பார்த்து அடியுங்கள். கோடையில் சிலந்தி பெருகும் முன் பூஞ்சை தோப்பில் காலூன்றிவிட வேண்டும்.

2. சாயங்காலம் அடியுங்கள். மரம் ஏறுபவர் காலையில்தான் வருவார் என்றால் விடிகிற நேரத்தில் முடித்துவிடுங்கள். பதினோரு மணி வேண்டவே வேண்டாம்.

3. காய் முழுக்க ஊற்ற வேண்டாம். இளங்குலைகளில், குரும்பையின் தொப்பிப் பகுதியில் நன்றாகப் படட்டும். முற்றிய காயில் அடிப்பது வீண்.

4. தூளைத் தேவைப்படும் வாரத்தில் வாங்குங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள். வாங்கியதை வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வண்டிப் பெட்டியில், மோட்டார் ரூமில் வைக்காதீர்கள். கரைத்ததை அன்றே தெளித்துவிடுங்கள்.

5. பூஞ்சைக் கொல்லியோடும் வேப்பெண்ணெயோடும் ஒரே டேங்கில் கலக்காதீர்கள்.

6. வெடித்த காய் ஆறாது. பலனை அடுத்தடுத்து வருகிற புதுக் குலைகளில் பாருங்கள். அதற்குச் சில மாதம் பொறுக்க வேண்டும்.

விற்பவர்களுக்கும் துறைக்கும்:

உறையில் கொட்டை எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: எந்த வெப்பநிலையில் இது வேலை செய்யும், எந்த வெப்பநிலையில் இதை வைக்க வேண்டும். மானியத்தில் கொடுப்பதாக இருந்தால் பருவம் பார்த்துக் கொடுங்கள். நிதியாண்டு முடிகிறது என்று பங்குனியில் மூட்டையாகத் தள்ளிவிடாதீர்கள். விரிவாக்க மையங்களில் ஒரு குளிர்பெட்டி வையுங்கள். பெரிய செலவில்லை. ஒரு ஊர் விவசாயி ஒரு முறை ஏமாந்தால் அந்த ஊரே பத்து வருடத்துக்கு உயிர் மருந்தைத் தொடாது. அந்த நம்பிக்கையின் விலை குளிர்பெட்டியைவிட அதிகம்.

மாணவர்களில் வேளாண்மைத் துறையிலும் ஆய்விலும் இருப்பவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். கோடையிலும் பூஞ்சை பிடித்துச் செத்த சிலந்தியை லென்ஸில் பார்த்தவர் யாராவது இருந்தால் எந்த ஊர், எந்த மாதம் என்று அவசியம் சொல்லுங்கள். தோப்புக்காரர்கள் இந்த ஐப்பசியில் இரண்டு வரிசை மரத்துக்கு மட்டும் சாயங்காலத்தில் அடித்துவிட்டு, இரண்டு வரிசையை அடிக்காமல் விட்டுப் பாருங்கள். ஆனி ஆடியில் இரண்டு பக்கத்துக் காயையும் எண்ணி எனக்கு அனுப்புங்கள். வாய்ச் சண்டையை விட எண்ணிக்கை நல்லது என்று வகுப்பில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்.